அடிக்குறிப்பில் எங்கள் கரை

1

போன செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழக நூலகத்துக்கு என் பேராசிரியரின் புதிய புத்தகம் வந்தது. அடுக்கில் வைக்கும் முன்பே கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏழாம் அத்தியாயத்தில் எங்கள் ஊர்க் கரை இருக்கிறது. ஊரின் பெயர், மீன் ஏலம் நடக்கும் விதம், சைக்கிள் வியாபாரிகள் என்று எல்லாமாக ஒன்றரைப் பக்கம். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் என் பெயர்.

இரண்டு வருடங்களுக்கு முன்பென்றால் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, மடித்து, அன்றைக்கே தபாலில் சேர்த்திருப்பேன். இப்போது புத்தகத்தை மூடி மேசைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன். "அதற்குள் முடித்துவிட்டீர்களா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். தெரிந்த கதைதான் என்றேன்.

இந்தக் கதையை ஊரில் பலர் பல விதமாகச் சொல்கிறார்கள் என்று அறிகிறேன். அந்நிய நாட்டில் இருந்துகொண்டு தகப்பனைக் காட்டிக் கொடுத்தவன் என்று ஒரு பகுதி. படித்தவன் உண்மையைச் சொன்னான் என்று இன்னொரு பகுதி. இரண்டு பகுதியாருக்கும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

அப்பு, என் தகப்பன், மீன் வியாபாரி. வியாபாரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். விடியப்புறம் கரைக்குப் போய், படகுகள் கொண்டுவரும் மீனை ஏலத்தில் எடுத்து, சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டியில் போட்டு, உள்ளூர் ஒழுங்கைகளில் கூவி விற்பார். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். கொழும்பில் சட்டம் படித்தேன். பிறகு புலமைப்பரிசில் கிடைத்துச் சிட்னிக்கு வந்தேன்.

லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் இருக்கிறேன். கூட இருப்பவர் ரத்னம், மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். ரயில்வே வேலைத்தளத்தில் இயந்திரப் படம் வரைகிற வேலை. குசினியும் சமையலும் அவருடைய ராச்சியம். நான் கோப்பை கழுவுவேன்.

நான் வந்த காலத்தில் இந்த நாட்டில் வியாபாரப் போட்டிச் சட்டம் புதிதாக வந்திருந்தது. கொம்பனிகள் தங்களுக்குள் பேசி விலை வைக்கக்கூடாது, ஏலத்தில் கூட்டுச் சேரக்கூடாது என்று சொல்லுகிற சட்டம். அதை எப்படிப் படிப்பது, எப்படி நடத்துவது என்று இளம் வழக்கறிஞர்கள் எல்லோரும் தேடிப் போன ஆள் எங்கள் பேராசிரியர். அமெரிக்காவிலிருந்து வந்தவர். சட்டத்தோடு பொருளாதாரத்தைச் சேர்த்துக் கட்டியவர். "சின்ன வியாபாரி பாவம், பெரிய வியாபாரி பொல்லாதவன் என்று அழுவது சட்டம் அல்ல," என்பார். "இந்த ஏற்பாட்டால் யார் எதை இழந்தார்? அதைக் காட்டு. மற்றதெல்லாம் அனுதாபம்." அரசாங்கக் கந்தோர்களில் இருந்தவர்கள்கூட அவர் மாதிரியே பேசத் தொடங்கினார்கள். தேநீர் அறையில் யாராவது "நியாயம்" என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவர், "யாருக்கு?" என்று கேட்பார். உடனே எல்லோரும் சிரிப்பார்கள். அது அவருடைய கேள்வி.

எனக்கு அவரை ஏன் பிடித்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கொழும்பில் சட்டம் என்பது நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் நாக்குச் சாமர்த்தியம். அவர்களுடைய தகப்பன்மாரும் பாட்டன்மாரும் பேசிய பேச்சு அவர்களுக்கு இருந்தது. எனக்கு அது இல்லை. பேராசிரியரின் வகுப்பில் யாருடைய மகன் என்று ஒருவரும் கேட்கவில்லை. காட்ட முடிந்தால் காட்டு, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த வாசல் இதுதான் என்று நினைத்தேன்.

அவர் என்னைக் கவனித்ததே தற்செயல். இரண்டாம் வகுப்பில் அவர் சொன்னதை ஆமோதித்து, எங்கள் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சை நிறுத்தி, "அங்கே ஒருவர் விடாமல் மறுக்கிறார். சொல்லுங்கள், எங்கே பிழை?" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. மறுக்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, வாயில் வந்த ஒரு மறுப்பைச் சொன்னேன். அது நல்ல மறுப்பாக அமைந்துவிட்டது. அடுத்த கிழமை என்னைத் தன் ஆராய்ச்சி உதவியாளனாக எடுத்துக்கொண்டார்.

3

ஏலம் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் காலையில் எங்கள் நாலு பேரைத் துறைமுகப் பக்கத்து மீன் சந்தைக்குக் கூட்டிப் போனார். ஈரச் சீமெந்துத் தரை, வெள்ளை றப்பர் சப்பாத்து, பெட்டி பெட்டியாக மீன். அந்த மணம் என் மூக்கில் ஏறியதும் மூச்சை இன்னும் ஆழமாக இழுத்தேன். வந்து ஒன்றரை வருடமாகியும் எனக்குச் சொந்தமான ஒரு மணத்தை நான் இந்த நாட்டில் முகர்ந்திருக்கவில்லை.

ஏலக்காரர் கத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் கை காட்டிக்கொண்டிருந்த ஒரு தடித்த இத்தாலியர் திடீரென்று கையை இறக்கிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பெட்டி மலிவாகப் போனது.

"அவர் ஏன் நிறுத்தினார்?" என்று பேராசிரியர் கேட்டார்.

நான் சொன்னேன்: "இன்னொருவருக்கு விட்டுக் கொடுக்கிறார், சேர். எங்கள் கரையிலும் அப்படிச் செய்வார்கள்."

அந்த இத்தாலியர் விட்டுத்தான் கொடுத்தாரா, அல்லது இருமல் வந்து திரும்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் நான் வாயைத் திறந்துவிட்டேன். அதன் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. எங்கள் கரையில் சைக்கிள் வியாபாரிகளுக்குள் ஒருவருக்கு வீட்டில் கஷ்டம் வந்தால், அவர் ஏலம் கேட்கும்போது மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று சொன்னேன். மனைவிக்கு நோய் வருத்தம், மகளுக்குக் கலியாணம், மகனுக்குப் படிப்பு, எதுவானாலும் சரி. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை. ஒருவர் சால்வையை எடுத்துத் தோளில் மாற்றிப் போடுவார், மற்றவர்களுக்கு விளங்கிவிடும். நான் கொழும்புக்குப் படிக்கப் போன வருடம் அப்புவுக்கும் அப்படி விட்டுக் கொடுத்தார்கள் என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

"படகுக்காரருக்கு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"அவருக்கு என்ன, சேர்?"

"அதைத்தான் கேட்கிறேன். அன்றைக்கு அவருக்கு என்ன கிடைத்தது?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கரையின் மணலில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாள்கூட வந்ததில்லை. இரவு முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வந்து, தன் மீனுக்கு ஏன் இன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று விளங்காமல் நிற்கும் மனிதரை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் காணவில்லை.

"இதை எழுதுங்கள், சிவா," என்றார். "நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை."

4

ஆறு மாதம் எழுதினேன். கட்டுரை இங்கே ஒரு சட்ட சஞ்சிகையில் அச்சாகியது. ஏலக் கூட்டுக்கு எழுத்து வேண்டியதில்லை, பேச்சும் வேண்டியதில்லை, வழக்கமே போதும். அதன் சுமை முழுவதும் ஏலத்தில் விற்கிறவன் தலையில் விழுகிறது என்பது சாரம். பேராசிரியர் அதைப் போகுமிடமெல்லாம் சொன்னார்.

ரத்னம் சஞ்சிகையைப் புரட்டிப் பார்த்தார். "சட்டம்லாம் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். சொந்த அப்பா மேலயே கேஸ் எழுதிட்டியா நீ?"

"கேஸ் இல்லை அண்ணை. ஆராய்ச்சி."

"ஊர் பேரு போட்டிருக்கே. சும்மா ஒரு ஊருன்னு போட்டா ஆராய்ச்சி ஓடாதா?"

ஓடியிருக்கும். ஆனால் எங்கள் ஊரின் பெயர் ஒருநாளும் வெளிநாட்டில் அச்சானதில்லை. எழுத்துக் கூட்டி அச்சுக்காரனுக்கு நாலு தரம் திருத்திக் கொடுத்தேன், பிழை வந்துவிடக்கூடாது என்று. அவ்வளவோடும் நிற்காமல் ஒரு பிரதியை அப்புவுக்கு அனுப்பினேன். "ஆங்கில மாஸ்டரைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கோ" என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன். மாஸ்டர் அவருக்கு வீட்டில் வைத்து நாலு வரி சொல்லுவார் என்று நினைத்தேன்.

அப்பு நினைத்தது வேறு. மகனின் பெயர் அச்சில் வந்த புத்தகம். கரையிலுள்ள மீன்வாடிக் கொட்டிலில் பாய் விரித்து, கரையில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். சைக்கிள்காரரும் வந்தார்கள், படகுக்காரரும் வந்தார்கள். மாஸ்டர் இருக்க ஒரு கதிரை, எல்லோருக்கும் தேத்தண்ணி. நடந்ததைத் தங்கச்சி மலர் மூன்று ஏரோகிராமில் எழுதியிருந்தாள்.

மாஸ்டர் ஒரு வரி ஆங்கிலத்தில் வாசிப்பார், பிறகு தமிழில் சொல்லுவார். ஊரின் பெயர் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் அவர் குரல் தாழ்ந்தது. மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிச்சத்தை நான் வீட்டை கொண்டு போய்ப் பார்த்துச் சொல்லுறன்," என்றார்.

"நிப்பாட்டாதேங்கோ, மாஸ்டர்." சொன்னவர் அந்தோனியண்ணை. அப்பு அதிகமாக மீன் எடுப்பது அவருடைய படகில்தான். "பெடியன் எங்களைப் பற்றித்தானே எழுதியிருக்கிறான். வாசியுங்கோ."

மாஸ்டர் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு அந்தோனியண்ணை அப்புவைப் பார்த்து, "உது உண்மையோ?" என்று கேட்டார்.

சைக்கிள்காரர் ஒருவர், "உவன் பெடி விசர்க்கதை எழுதியிருக்கிறான், அந்தோனி. அங்கை குளிருக்கு மூளை விறைச்சுப் போச்சுது," என்று சிரிப்பாக்கப் பார்த்தாராம். யாராவது சிரித்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

அப்பு, "ஓம், உண்மை," என்றார்.

5

அடுத்த மாதமே படகுக்காரர்கள் ஏலத்தை நிறுத்திவிட்டார்கள். பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு வருகிற ஒரு லொறிக்காரனுக்கு மீன் முழுவதையும் கொடுப்பது என்று பேசிக்கொண்டார்கள். அவன் முதலில் நல்ல விலை கொடுத்தான். அதை மலர் எழுதியபோது, மனம் வருந்தினாலும், பேராசிரியரின் கணக்குச் சரியாக வருகிறது என்று எனக்குள் ஒரு மூலையில் ஆறுதல் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராகக் கரையை விட்டுப் போனார்கள். ஒருவர் சுருட்டுக் கொட்டிலுக்கு, ஒருவர் வன்னிக்கு. சைக்கிள் ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு லொறிக்காரன் விலையை இறக்கினான். பிடிக்காவிட்டால் கடலில் கொட்டுங்கள் என்றானாம். வேறு லொறி வரவில்லை. அப்பு இப்போது அவனுடைய கொட்டிலில் ஐஸ் உடைக்கிறார். "கைதான் விறைக்குதாம். வேறை ஒரு குறையும் இல்லை. நீங்கள் யோசிக்க வேண்டாம் அண்ணை," என்று மலர் எழுதினாள். தான் சொன்னதாக ஒரு வரிகூடச் சேர்க்கவேண்டாம் என்று அப்பு சொல்லிவிட்டாராம். முன்பெல்லாம் கடிதத்தின் கடைசியில், "சாப்பாட்டைக் கவனி" என்று அவர் சொன்னதாக எப்போதும் ஒரு வரி இருக்கும்.

ஊருக்குப் போய்வருவோம் என்று குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். என் அனுமதிக் காலம் முடிகிற தறுவாயில் இருந்தது. வெளியே போனால் திரும்பி வரக் கொழும்பிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவசரம் என்றால் மட்டும் விலக்கு உண்டு. மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"குடும்பத்தில் மரணமா?"

"இல்லை."

"கடும் நோயா?"

"இல்லை."

"திருமணமா?"

"இல்லை. என் தகப்பனார் என்னோடு பேசுவதில்லை."

அவர் பேனாவை வைத்துவிட்டு, படிவத்தை மேலிருந்து கீழாக இன்னொருமுறை பார்த்தார், எங்கேயாவது இடம் இருக்குமா என்று. பிறகு, "என் தகப்பனாரும் அப்படித்தான்," என்று மெல்லச் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அங்கிருந்து நேரே பேராசிரியரிடம் போனேன். லொறிக்காரனைப் பற்றிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"விலையை அவன் அப்படியே வைத்திருக்க முடியாது. இலாபம் இருக்கிற இடத்துக்கு இன்னொரு லொறி வரும்."

"எப்போது, சேர்?"

"காலம் எடுக்கும்."

"என் தகப்பனாருக்கு அறுபத்துமூன்று வயது."

அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "இதையும் எழுதுங்கள். என் புத்தகத்தில் முதலாவதன் பக்கத்திலேயே நான் இதைப் போடுகிறேன்," என்றார்.

பலமுறை முயன்றேன். சைக்கிள்காரரின் வழக்கம் நல்லது, அதைக் கெடுத்தது பாவம் என்று தொடங்குவேன். அந்தோனியண்ணை மணலில் நிற்பது கண்ணுக்கு முன் வரும், கிழித்துப் போடுவேன். வழக்கம் கெட்டது, போனது நல்லது என்று தொடங்குவேன். ஐஸ் உடைக்கும் கை வரும். பேராசிரியரின் கேள்வி பிழையான கேள்வி என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர் என்னிடம் கேட்டதை நான் அப்புவிடம் ஒருதரமாவது கேட்டிருக்க வேண்டும், அச்சுக்குக் கொடுக்க முதல். அதுதான் நான் செய்த பிழை என்று மலருக்கு எழுதினேன்.

அதற்கு மட்டும் அப்பு பதில் சொன்னார். மலரின் எழுத்தில் ஒரே ஒரு வரி: "என்னட்டைக் கேட்டிருந்தா, நானே அந்தோனியிட்டைப் போய்ச் சொல்லியிருப்பன்."

பேராசிரியரின் புத்தகம் முதல் பாதியோடு மட்டும் வந்ததற்குக் காரணம் அவரல்ல. இரண்டாம் பாதியை நான் கொடுக்கவில்லை.

6

இந்தமுறை அந்தப் பிழையைச் செய்யவில்லை. இதுவரை நீங்கள் வாசித்ததைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் மலருக்கு அனுப்பி, அப்புவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றும் எழுதினேன். ஒரு மாதம் கழித்து நேற்றுப் பதில் வந்தது. வேலையால் வந்து, கை காலைக் கழுவிக்கொண்டு, முழுவதையும் இருந்து கேட்டாராம். மீன் சந்தையில் நான் சொன்ன இடத்தை மட்டும் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாராம்.

"போடட்டும், பிள்ளை. ஆனா அதிலை ஒண்டு பிழை. கொழும்புக்குப் போன வருசம் எண்டு எழுதியிருக்கிறான். அவனுக்குத் தெரியாது, நான் சொல்லேல்லை. அவன் எட்டாம் வகுப்பிலை படிக்கேக்கையே தொடங்கினது. பட்டினப் பள்ளிக்கூடத்திலை சேர்க்க வேணும் எண்டு சைக்கிள்காரரிட்டை நான்தான் கேட்டனான். அப்ப துவக்கம் அவன் படிச்சு முடியுமட்டும் விட்டுக் குடுத்தவை. அனேகமா எல்லாம் அந்தோனியின்ரை மீன். எழுதுறதெண்டா முழுசா எழுதச் சொல்லு."

எழுதிவிட்டேன். இனி நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது.

அந்தோனியண்ணைக்கு சேவியர் என்று ஒரு மகன். என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவன், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அதே எட்டாம் வகுப்பின் நடுவில் ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. வாத்தியார் வரவு இடாப்பில் அவன் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். எழும்பி நின்று, "அவன் தகப்பனோடை கடலுக்குப் போயிட்டான் சேர், இனி வரமாட்டான்," என்று சொன்னவன் நான்.